ஏட்டில் இல்லாத நாடகம்

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நாடகத்தின்மீது கொண்ட அபிமானத்தினால் அந்தி நேரத்து அலுவல்களை ஒதுக்கிவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மாணவ நண்பர்களே! முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தும் பின்வரிசையிலேயே அமர்ந்து, தங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று எண்ணுவதுபோல் இருக்கும் இவ்வூர் நாடக நடிகர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

'அரசியல் நாடகமும் அதனை ஆக்கியவர்களும்' என்ற பொருளில் பேசும்படி இச்சபையினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். பொருள் பெரிது, பொழுது சிறிது. ஆகையால், பல நாடகங்களைத் தொட்டுத் தொட்டுச் செல்வதைவிட, ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பெற்றவர்கள் யார், வளர்த்தவர்கள் யார், அதற்குப் பாட்டுக் கொடுத்தவர் யார், தாளம் கொடுத்தவர் யார், அதன் பொருட்டுச் சர்க்காருடன் வாதாடியவர் யார் என்று விசாரித்துப் பார்ப்பதே உசிதம் என்று முடிவு செய்தேன். அந்த நாடகம், 1931ஆம் ஆண்டில் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் மதுரை ஸ்ரீ பாலஷண்முகானந்த சபையின் வாயிலாக மேடையேற்றிய 'தேசபக்தி'.

புதுக்கோட்டைக்கு வந்து, பெயரில் மதுரை இருந்தாலும் திருவனந்தபுரத்தில் தோன்றிய ஒரு நாடக சபையைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடை என் பேச்சின் போக்கிலே தானே வெளிப்படும். சற்றே பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

ஒரு நாடகம் வெற்றி பெற்றால் நாம் யாரைப் புகழ்கிறோம்? கற்றவர்களாயின் ஆசிரியரைப் புகழ்கிறோம். மற்றவர்களாயின் ராஜபார்ட் நடிகரைப் புகழ்கிறோம். ஆர்மோனியக்காரரை யார் நினைக்கிறார்கள்? விடிய விடியப் படுதாவை ஏற்றி இறக்குகிறவரை யார் நினைக்கிறார்கள்? பின்பாட்டுக்காரரை யார் நினைக்கிறார்கள்? சாதாரண நாடகத்தில் இந்த மறதி ஒரு குறை, அவ்வளவே. அரசியல் நாடகத்திலோ அது பெரும் பிழை. ஏனெனில், அரசாங்கத்தை எதிர்த்து நிற்கும் நாடகத்தில், சொல்ல வேண்டியதை ஏட்டில் எழுத முடியாது. எழுதினால் ஏடு பறிமுதலாகும். ஆகவே, ஏட்டிலே இல்லாததைப் பாட்டிலே வைக்க வேண்டும். பாட்டிலே வைக்க முடியாததைச் சிரிப்பிலே வைக்க வேண்டும். காவல் அதிகாரி படித்தது ஒரு நாடகம். கொட்டகையில் கூடிய ஜனங்கள் கண்டது வேறொரு நாடகம். அந்த இரண்டாவது நாடகத்தை எந்த ஓர் ஆசிரியரும் தனியே எழுதிவிட முடியாது. அதைக் கூட்டமாகத்தான் செய்ய முடியும். இன்று நான் சொல்ல வந்த சங்கதி இவ்வளவுதான். இனி அதற்குரிய சான்றுகளைப் பார்ப்போம்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். வங்காளத்தில் அவுரித் தோட்ட முதலாளிகள் குடியானவர்களுக்கு இழைத்த கொடுமைகளைத் தீனபந்து மித்ரர் 'நீல தர்ப்பணம்' என்ற நாடகமாக 1860ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1872இல் கல்கத்தாவில் தோன்றிய நேஷனல் தியேட்டர் அதை மேடையேற்றியது. பின்னர், இங்கிலாந்து இளவரசர் கல்கத்தாவுக்கு விஜயம் செய்தபோது, அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து அந்தப்புரத்துப் பெண்களைக் கொண்டு உபசாரம் செய்வித்த ஒரு வக்கீலைப் பரிகசித்து ஒரு நையாண்டி நாடகம் எழுந்தது. ஆண்டவர்களுக்குக் கோபம் வந்தது. 1876ஆம் ஆண்டில் நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிறந்தது. அவதூறானது, ராஜத்துரோகமானது, ஆபாசமானது என்று கருதப்படும் எந்த நாடகத்தையும் தடுக்கச் சர்க்காருக்கு அது அதிகாரம் அளித்தது.

அச்சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. தடை செய்யப்பட்ட நாடகம் நடக்கும் இடத்தில் புகுந்து ஆட்களைப் பிடிக்கலாம் என்பதோடு அது நிற்கவில்லை. அங்கே காணப்படும் காட்சித் திரைகளையும் உடுப்புகளையும் கூடக் கைப்பற்றலாம் என்று சொல்கிறது. சட்டம் வகுத்தவர்கள் அறிவாளிகள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாடகம் என்பது வெறும் எழுத்து அன்று, துணியும் திரையும் கூடப் பேசும் என்பதை நம்முடைய பண்டிதர்கள் பலர் உணர்வதற்கு முன்பே வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் உணர்ந்திருந்தார். திரையைச் சுருட்டி எடுத்துச் செல்லலாம். உடுப்பை மூட்டை கட்டி எடுத்துச் செல்லலாம். ஆனால் ராகத்தை எந்த மூட்டையில் கட்டுவது? ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் சிரிக்கிற சிரிப்பை எந்தச் சட்டப் பிரிவின்கீழ்க் கைப்பற்றுவது?

அன்பர்களே! இனி 'தேசபக்தி'யின் ஆசிரியரிடம் வருவோம். வெ. சாமிநாத சர்மா 1895ஆம் ஆண்டில் பிறந்தவர். திரு. வி. கலியாணசுந்தர முதலியாரின் 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய பத்திரிகைகளில் உழைத்துத் தம் எழுத்தைப் பதப்படுத்திக்கொண்டவர். பிற்காலத்தில் ரங்கூனுக்குச் சென்று 'ஜோதி' என்ற பத்திரிகையை நடத்தி, 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து நடந்தே தாயகம் திரும்பியவர். பிளேட்டோவையும் கார்ல் மார்க்ஸையும் தமிழ் வாசகனின் திண்ணைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். நாடகாசிரியர் என்று அவரை யாரும் முதலில் நினைப்பதில்லை. ஆனால், பரதேசத்துச் சரித்திரத்தைப் படித்து, அதிலிருந்து தம் தேசத்துக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்கும் சாமர்த்தியம் அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது. ஸ்காட்லாந்து தேசத்தை இங்கிலாந்து அடிமைகொள்ள முயன்றபோது ராபர்ட் புரூஸ் என்ற வீரன் படை திரட்டி எதிர்த்து, 1314ஆம் ஆண்டில் பானக்பர்ன் போர்க்களத்தில் ஆங்கிலேயரை வென்ற வரலாற்றைத் தழுவி, அவர் எழுதிய நாடகமே 'பாணபுரத்து வீரன்'.

இதில் உள்ள நயத்தைக் கவனியுங்கள். ஆங்கிலேயரை எதிர்க்க ஆங்கிலேயரின் சரித்திரத்தையே ஆயுதமாக எடுத்தார் சர்மா. பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தில் புரூஸைப் பற்றி இந்தியப் பிள்ளைகள் படிக்கலாம், பரீட்சையில் எழுதலாம், அதற்கு மதிப்பெண்ணும் வாங்கலாம். அதே புரூஸ் தமிழ் பேசினால் குற்றம்! அந்நூலுக்குச் சர்க்கார் தடை விதித்தது.

தடை செய்யப்பட்ட நூலை நாடக சபையார் என்ன செய்தார்கள்? பெயரை மாற்றினார்கள். 'பாணபுரத்து வீரன்' என்பது எங்கோ இருக்கும் ஒரு கற்பனை ஊரின் பெயர். அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. 'தேசபக்தி' என்பதோ உள்ளதை உள்ளபடி வெளிப்படையாகச் சொல்லும் பெயர். அடங்கிய பெயருக்குத் தடை, அடங்காத பெயருக்கு அனுமதி! அதிகார வர்க்கத்தின் கண்களுக்குப் பட்டியலில் உள்ள பெயர் தெரிந்த அளவுக்குப் பெயரின் அர்த்தம் தெரியவில்லையோ என்று நான் பலமுறை எண்ணிச் சிரித்ததுண்டு. அன்றியும், அந்த 1931ஆம் ஆண்டின் காற்று வேறு. முந்தைய ஆண்டில்தான் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களுடன் நடந்து சென்று உப்பு எடுத்திருந்தார். 1931 மார்ச் 5ஆம் நாள் காந்தி-இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சிறைக் கதவுகள் திறந்தன. ஜனங்கள் தலை நிமிர்ந்து மூச்சுவிட்ட காலம் அது. நம்முடைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலும் அதே ஆண்டில் வரிகளை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதை இங்குள்ள முதியவர்கள் தம் தந்தையர் சொல்லக் கேட்டிருப்பார்கள்.

கதை இருந்தது. காலம் கனிந்திருந்தது. பாட்டு வேண்டுமே!

அந்தக் காலத்து நாடகத்தில் பாட்டு என்பது ஊறுகாய் அன்று, அதுதான் சோறு. அந்தப் பாட்டுக்குச் சகோதரர்கள் யாரிடம் சென்றார்கள்? 1921ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஒரு கவிஞரிடம் சென்றார்கள். சுப்பிரமணிய பாரதியாரின் பாடல்கள் தமிழ் நாடக மேடையில் முழங்கியது 'தேசபக்தி'யில்தான் என்று நாடக உலகம் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்கிறது. இன்று பாரதி பாட்டைப் பாடுவதற்கு எந்தத் துணிவும் வேண்டியதில்லை. மந்திரிகள் பாடுகிறார்கள், பள்ளிக் குழந்தைகள் பாடுகிறார்கள். அன்றைய நிலை அப்படியா? 1928ஆம் ஆண்டில் பாரதியாரின் பாடல் தொகுதிகளைச் சென்னைச் சர்க்கார் பறிமுதல் செய்தது. போலீஸார் வீடுகளிலும் அச்சகங்களிலும் புகுந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்பொழுது சென்னைச் சட்டசபையில் எழுந்து நின்று, இந்த அக்கிரமத்தைக் கண்டிக்க ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்து, ஒரு கவியின் வாக்குக்காக வாதாடிய மனிதர் யார்?

திருமயத்துக்காரர்!

ஆம், இந்த மண்டபத்திலிருந்து தெற்கே புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய அந்தக் கோட்டை ஊரில், 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் பிறந்த தீரர் சத்தியமூர்த்திதான் அவர். வாதத்தின் முடிவில் அவர் தீர்மானம் சபையில் நிறைவேறியது. சத்தியமூர்த்தியைப் பேச்சாளர் என்று அறிவோம். சென்னை மேயராக இருந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வித்திட்டவர் என்று அறிவோம். அவர் ஒரு நடிகர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபையில் அவர் அங்கத்தினர். அரிதாரம் பூசி மேடையேறியவர். நாடகக்காரனைக் 'கூத்தாடி' என்று திண்ணைக்குக் கீழே நிறுத்திய காலத்தில், காங்கிரஸ் மேடைக்கு நாடகக் கலைஞர்களைக் கைப்பிடித்து ஏற்றியவர் அவரே. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் கே.பி. சுந்தராம்பாள் ஊர் ஊராகச் சென்று காங்கிரஸுக்காகப் பாடியதும் அவர் தூண்டுதலால்தான். காங்கிரஸ் தலைவர்களுள் பலருக்கு நாடகமும் சினிமாவும் வேண்டாத சரக்காக இருந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அவருடைய தீர்க்கதரிசனம் விளங்கும்.

சட்டசபை மேடையில் சத்தியமூர்த்தி 1928இல் எந்தப் பாடல்களுக்காக வாதாடினாரோ, அந்தப் பாடல்களை நாடக மேடையில் 1931இல் பாலர்கள் பாடினார்கள். சத்தியமூர்த்தியும் சகோதரர்களும் கூடிப் பேசி இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஒரு நாடகத்தை ஆக்கியவர்களின் பட்டியலை எழுதும்போது, அந்த நாடகத்தின் கொட்டகைக்குள் காலடி வைக்காமலேயே அதற்கு வழி வெட்டியவர்களையும் எழுத வேண்டாமா? எழுதுவதானால், திருமயத்தின் பெயர் அங்கே இடம்பெற வேண்டாமா?

பாரதியோடு மற்றொருவரும் இந்நாடகத்துக்குப் பாட்டால் உதவினார். அவர் மதுரகவி பாஸ்கரதாஸ். வெள்ளைச்சாமி என்ற இயற்பெயர் கொண்ட இவர் 1892இல் பிறந்தவர். பண்டிதர்கள் இவரைப் பெரிதாக மதிக்கவில்லை. தெருவில் நடந்து போகிறவன் மதித்தான். ஜாலியன்வாலாபாக் படுகொலையைப் பற்றியும், கதரைப் பற்றியும், காந்தியைப் பற்றியும் இவர் இயற்றிய பாடல்களை நடிகர்கள் எந்த நாடகத்தின் நடுவிலும் செருகிப் பாடினார்கள். வள்ளி தினைப்புனம் காக்கும்போதும் கதர்ப் பாட்டு. கோவலன் சிலம்பு விற்கப் போகும்போதும் கதர்ப் பாட்டு! அதே 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்திலும் இவர் பாட்டு ஒலித்தது. இலக்கணப் பிழை இருக்கலாம். காலப் பிழை இல்லை.

இப்பொழுது நடிகர்களிடம் வருகிறேன். இங்கேதான் உங்கள் ஊருக்கு நான் பட்டிருக்கும் இரண்டாவது கடனைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

டி.கே. சங்கரன், டி.கே. முத்துசாமி, டி.கே. ஷண்முகம், டி.கே. பகவதி என்ற நால்வரே டி.கே.எஸ். சகோதரர்கள். தந்தை கண்ணுசாமி பிள்ளை ஸ்திரீபார்ட் போட்டுப் புகழ்பெற்ற நடிகர். ஷண்முகம் 1912இல் பிறந்தவர். 1918இல், பால் பற்கள் விழுந்து முடியாத ஆறாம் வயதில், சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தார். சுவாமிகள் யார் என்று இந்தச் சபைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா? சித்திரை பிறந்தால் உங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் அவர் வாக்கிலே பிறந்தவை. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று அவரை ஷண்முகம் வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

அந்தத் தலைமை ஆசிரியருக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். நாடகத்தையும் உலகத்தையும் வெறுத்து, துறவு பூண்டு, தீர்த்த யாத்திரையாகத் திரிந்துகொண்டிருந்த சங்கரதாசர் வந்து சேர்ந்த இடம் புதுக்கோட்டை. அவரை வரவேற்று, தம் மகனாகவே பாவித்து, தாள நுட்பங்களைக் கற்றுக் கொடுத்து, மறுபடியும் நாடக உலகத்துக்கு அனுப்பிவைத்தவர் மான்பூண்டியா பிள்ளை. பஜனையில் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் உட்கார வைத்த மகாவித்துவான். அவர் வழியில் வந்த தட்சிணாமூர்த்தி பிள்ளையின் பெயரை இவ்வூர்க் குழந்தையும் அறியும். சுவாமிகளின் பாடல்களில் சந்தங்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுவதைக் கேட்கும்போதெல்லாம், அதற்குள் ஒரு கஞ்சிராவின் நாதம் இருப்பதாக எனக்குத் தோன்றும். அது என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் மான்பூண்டியா பிள்ளை அன்று அந்தப் பரதேசியைப் புறக்கணித்திருந்தால், 1918இல் பால சபை ஏது? சபை இல்லையேல் ஷண்முகம் ஏது? ஷண்முகம் இல்லையேல் 'தேசபக்தி' ஏது?

சுவாமிகள் 1922இல் புதுவையில் காலமானார். சகோதரர்கள் 1925இல் தங்கள் சொந்த சபையைத் தொடங்கினார்கள். பின்னர் எம். கந்தசாமி முதலியார் என்ற மற்றொரு வாத்தியார் வந்து, வசனத்தைப் பேசும் முறையையும், சமூக நாடகத்தை நடத்தும் முறையையும் பழக்கினார். மூத்தவர் சங்கரன் நிர்வாகம் பார்த்தார். முத்துசாமி நாடகம் எழுதவும் பாடல் புனையவும் வல்லவர். ஷண்முகம் நடிப்பிலும் பயிற்சியிலும் முன்னின்றார். 'தேசபக்தி' மேடையேறியபோது அவருக்கு வயது பத்தொன்பது. பத்தொன்பது வயதில், தடை செய்யப்பட்ட ஒரு நூலைப் பெயர் மாற்றி நடத்துவது என்றால், அது விளையாட்டான காரியமா?

நண்பர்களே! இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் முகஸ்துதி செய்தவனாவேன். பாலர் கம்பெனி என்பது ஆசிரமம் அன்று. அது ஒரு தொழில். கொட்டகைக்கு வாடகை தர வேண்டும். ஊருக்கு ஊர் படுதாக்களையும் பெட்டிகளையும் ரயிலில் ஏற்ற வேண்டும். நாள் ஒன்றுக்கு இருவேளை, மூவேளை என்று அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு போட வேண்டும். தேசியப் பாட்டுக்குக் கூட்டம் வந்தது; கூட்டம் வந்தால் வசூல் வந்தது. ஆகவே, தேசியம் பேசிய கம்பெனிகள் எல்லாம் தியாகத்தினால் மட்டுமே பேசின என்று நான் கூறமாட்டேன். ஆனால், வசூல் மட்டுமே குறிக்கோளாக இருந்திருந்தால் அதற்குச் சுலபமான வழிகள் வேறு இருந்தன. ஒரு தடையுத்தரவு வந்தால் அன்றைய டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அடுத்த ஊர்க் கொட்டகை கிடைக்காது, பிள்ளைகள் பட்டினி கிடக்க நேரிடும். அந்த அபாயத்தைத் தெரிந்தே சுமந்தார்கள். அந்த அளவுக்கு அவர்களை மதிக்கிறேன்.

இனி, இந்நாடகத்தின் ஜீவநாடி என்று நான் கருதும் இடத்துக்கு வருகிறேன். அந்தச் சபையில் நாகர்கோவில் ஒழுகினசேரியைச் சேர்ந்த ஓர் இளைஞர் இருந்தார், 1908இல் பிறந்தவர், வறுமையிலே வளர்ந்தவர், சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவர். பெயர் என்.எஸ். கிருஷ்ணன். நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் வில்லுப்பாட்டாக ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்த காதுகள் அவருடையவை. நீண்ட வில்லின் நாணிலே மணிகள் தொங்கும். தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டுவார். பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா. அவர் ஒரு வரி சொன்னால், உடனிருப்பவர் 'ஆமா' என்று வாங்கிக்கொண்டு கதையை நகர்த்துவார். தெய்வங்களின் கதையைத் தவிர வேறு கதையை அந்த வில் அதிகம் அறிந்ததில்லை.

அந்த வில்லைக் கிருஷ்ணன் 'தேசபக்தி' மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்து, பாணபுரத்துக் கதையின் நடுவே, காந்தி மகான் கதையைப் பாடினார்!

சபையோரே, சற்றே எண்ணிப் பாருங்கள். கதை நடக்கும் ஊரோ கற்பனை ஊர். காலமோ பழைய காலம். அந்த ஊருக்குக் காந்தி எப்படி வந்தார்? தர்க்க சாஸ்திரியைக் கேட்டால் இது குற்றம் என்பார். விமரிசகரைக் கேட்டால் கதை ஒருமை கெட்டது என்பார். கொட்டகையில் இருந்த ரஸிகன் அப்படி நினைத்தானா? மேடையில் இருக்கும் பாணபுரம் தன் ஊர்தான் என்று அவனுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அரசனும் படைவீரனும் பேசும்போது மூடிப் பேசப்பட்டதை, வில்லின் மணி திறந்துவிட்டது. சோகத்தால் அன்று, சிரிப்பால் திறந்தது. ஹாஸ்ய நடிகன் வாயிலிருந்து வருகிற விஷயம் ஹாஸ்யம்தானே என்று அதிகாரி அசட்டையாக இருந்துவிடக்கூடும். ஜனங்களோ, அதுதான் நாடகத்தின் சாரம் என்று வாங்கிக்கொண்டார்கள். மற்றொன்றும் உண்டு: மாடனுக்கும் அம்மனுக்கும் உரிய வில்லில் காந்தியின் கதையைப் பாடியதால், சொல்லாமலே காந்தி தெய்வ வரிசையில் போய் நின்றுவிட்டார். இதை எந்த வசனகர்த்தா எழுதியிருக்க முடியும்? அந்தச் சபையில் ஒரு நாஞ்சில் நாட்டுப் பிள்ளை இருந்ததால்தான் இது நடந்தது.

இப்படிப் பாருங்கள்: ஸ்காட்லாந்தின் கதை; வடஆர்க்காட்டிலிருந்து வந்த சர்மாவின் வசனம்; எட்டயபுரத்துப் பாரதியின் பாட்டு; மதுரைப் பாஸ்கரதாஸின் மெட்டு; திருவனந்தபுரத்துச் சகோதரர்களின் நடிப்பு; ஒழுகினசேரியின் வில்; புதுக்கோட்டையில் உரம் பெற்ற தாளம்; திருமயத்தின் வாதம். இவர்களில் பாதிப் பேர் சமஸ்தானத்துப் பிரஜைகள் என்பது ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் இந்தியாவின் விடுதலைக்காகத் திருவாங்கூர்க்காரரும் புதுக்கோட்டைக்காரரும் பாடுபட்டார்கள். தங்கள் சொந்த மகாராஜாக்களைப் பற்றி மேடையில் என்ன பேசினார்கள் என்று கேட்டால், அது வேறொரு சொற்பொழிவுக்கான விஷயம்.

'தேசபக்தி'க்கு முன்பும் அரசியல் நாடகம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலர் கதர் இயக்கத்தையே பொருளாக்கி நாடகம் எழுதி நடத்தினார். தனியாக நின்று பாடியே சிறை புகுந்தவர்களும் உண்டு. அவர்களில் தலையாயவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ். முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக உடன் நடிக்கவே பல நடிகைகளும் நடிகர்களும் மறுத்த மனிதர், முருக வேஷத்தில் மயில்மீது அமர்ந்து தேசியப் பாட்டைப் பாடினால், மேடை ஓரத்தில் வாரண்டோடு போலீஸார் காத்திருப்பார்கள். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில், வள்ளி திருமணத்தில் முருகனாக மயிலில் அமர்ந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அந்தத் தனி மனிதரின் வீரத்துக்கு முன்னால் சபைகளின் சாமர்த்தியம் சிறிதாகத்தான் தோன்றும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். தனி நடிகர் மறைந்தால் நாடகமும் அவரோடு மறைகிறது. சபையாக நின்றவர்களின் நாடகமோ, ஒருவர் சிறை சென்றால் மற்றொருவர் வேஷம் கட்ட நடக்கிறது. அரசாங்கத்துக்கு எது அதிகத் தொல்லை என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்த பிறகு இந்தக் கதை முடிந்துவிட்டதா? இல்லை. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வளர்ந்தவர்களே ஆட்சிக்கு வந்து, 1954இல் சென்னை ராஜ்யத்துக்கென்று புதிதாக ஒரு நாடகச் சட்டம் செய்தார்கள். பகுத்தறிவு பேசிய நடிகர் எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் அவர்கள் தூக்கத்தைக் கெடுத்தன என்பது யாவரும் அறிந்த செய்தி. அவர் கருத்துகளை ஏற்பவர்களும் இம்மண்டபத்தில் இருப்பீர்கள், வெறுப்பவர்களும் இருப்பீர்கள். அது இருக்கட்டும். நாடகத்தை முன்கூட்டிப் படித்துப் பார்த்து அனுமதி கொடுக்கும் வேலையைப் போலீஸாருக்குச் சுதந்திர இந்தியாவும் விட்டுவைத்தது என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாதவை என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது 2013ஆம் ஆண்டில்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் அது உயிரோடு இருந்தது.

இனி, உங்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த ஊர் நாடக ஊர். பி.யு. சின்னப்பா 1916இல் பிறந்தது இங்கே. சுவாமிகளின் பால சபையிலே பயின்று, பிறகு வெள்ளித்திரையில் புகழ்பெற்றது தமிழ்நாடே அறியும். இன்றும் நாடக நடிகர் சங்கமும் ஸ்பெஷல் நாடகமும் உயிரோடு இருக்கும் மிகச் சில ஊர்களில் புதுக்கோட்டை ஒன்று. ஆகவே, உங்கள் வீட்டுப் பரணிலோ மரப்பெட்டியிலோ, பாட்டனார் காலத்து நாடக நோட்டீஸ் ஒன்று கிடக்கலாம். அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகம் ஒன்று கிடக்கலாம். ஆர்மோனிய வாத்தியார் ஸ்வரம் எழுதி வைத்த நோட்டு ஒன்று கிடக்கலாம். நாடகத்தின் ஏடு எங்கேயாவது அச்சாகிப் பிழைத்துக்கொள்ளும். ஏட்டில் இல்லாத நாடகத்துக்கு இவைதான் சாட்சி. அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்க மனமில்லையானால், ஒரு நாள் கொண்டுவந்து காட்டியாவது செல்லுங்கள். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நடிகப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வாத்தியார் உங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லித் தந்த பாட்டுகளை, எந்த இடத்தில் எதைச் செருகிப் பாடினார் என்ற குறிப்போடு, அருள்கூர்ந்து இந்த ஆண்டிலேயே எழுதி வையுங்கள்.